இஞ்சி தின்ற மாப்பிள்ளை

என் மாமனார் விருத்தாசலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் 33 வருடம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 'போன்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. முன்பு தொலைபேசி, பிற்பாடு கைபேசி. 2012 பொங்கலுக்கு என் மைத்துனன் அவருக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்தான். அதில் தமிழிலேயே எஸ்.எம்.எஸ். அனுப்பலாம் என்பதை அவர் கண்டுபிடித்த நாளில் எனக்குச் சனி பிடித்தது.

முதல் செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. நான் தாம்பரத்தை அடுத்த சேலையூர் வீட்டுப் பால்கனியில் காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, அப்பாவா? என்ன அனுப்பியிருக்கார்?"

"பெட்டி அனுப்பியிருக்கார்."

"பெட்டியா?"

"ஒண்ணு ரெண்டு இல்ல. வரிசையா அம்பது அறுபது பெட்டி."

"கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சு இப்ப என்ன சீர்வரிசை?" என்று கரண்டியோடு வந்தாள். போனை வாங்கிப் பார்த்தாள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். காலிப் பெட்டிகள். வாழைத்தாரு, பித்தளைக் குடம் எதுவும் உள்ளே இல்லை.

அந்தப் போன் அப்போதுதான் 8,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ஆண்ட்ராய்ட் போன். கம்பெனி பெயர் வேண்டாம். அவர்கள் என்னை எதுவும் செய்யவில்லை, நான்தான் அவர்கள் போனை என்னவோ செய்தேன். அதில் இருந்தது ஆண்ட்ராய்ட் 2.3. கூகுள்காரர்கள் அந்தக் காலத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பலகாரத்தின் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். கப்கேக், டோநட் என்று போய் 2010 டிசம்பரில் வந்ததற்கு 'ஜிஞ்சர்பிரெட்' என்று பெயர். இஞ்சி ரொட்டி. நம் ஊரில் இஞ்சி என்றதும் யார் ஞாபகத்துக்கு வருவார் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் புத்தி வரவில்லை.

இஞ்சி ரொட்டியில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்துரு இல்லாத எழுத்துக்குப் பதிலாகப் போன் ஒரு கட்டம் போடும். கணினிக்காரர்கள் இந்தக் கட்டத்துக்கு 'டோஃபு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். சோயாப் பாலில் செய்யும் வெள்ளைக் கட்டி. பிற்காலத்தில் கூகுள் எல்லா மொழிக்கும் எழுத்துரு செய்து அதற்கு 'நோட்டோ' என்று பெயரிட்டது. டோஃபு இனி நோ என்று அர்த்தம். நம்மவர்கள் செய்திருந்தால் கட்டாயம் 'நோ மைசூர்பா' என்று வைத்திருப்பார்கள்.

என் வயிற்றெரிச்சல் வேறு. மாமனாரின் பட்டன் போனில் தமிழ் ஜம்மென்று தெரிந்தது. எங்கள் பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா 2006 முதல் போன் செய்துகொண்டிருந்தது. ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் தாம்பரத்தில் நின்று போகும். பக்கத்து ஊரில் பட்டன் போன் உற்பத்தி, என் கையில் 8,500 ரூபாய்க்குக் காலிப்பெட்டி.

மாமனாரோ விடவில்லை. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70தான். அவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூன்று செய்தி ஆகிவிடும். எனக்குத் தினமும் காலையில் மூன்று தவணை பெட்டி வந்து இறங்கியது. பதில் போடாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, நீங்க அனுப்பினது எனக்கு விளங்கல. பக்கத்து வீட்டு பார்மசிப் பையன்கிட்ட காட்டினேன். ஏதோ மாத்திரைப் பேர் மாதிரி இருக்கு, சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயான்னு கேளுங்கன்னான்."

நான் அனுப்பியது 'மாமா, சாப்பிட்டீர்களா' என்பது.

இதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. ஆபெரா மினி என்ற உலாவியில் முகவரி இடத்தில் 'ஆபெரா:கான்ஃபிக்' என்று அடித்தால் ஒரு பட்டியல் திறக்கும். அதன் அடியில் சிக்கலான எழுத்துகளுக்குப் படமாக எழுத்துரு காட்டவா என்று ஒரு கேள்வி இருக்கும். 'ஆம்' என்று மாற்றினால் தமிழ்ப் பக்கங்கள் படமாக வந்து தெரியும். அன்றைய தமிழர்கள் இதை ஒருவருக்கொருவர் காதில் மந்திரம் ஓதுவதுபோல் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அந்த மந்திரம் உலாவிக்குள்தான் பலிக்கும். எஸ்.எம்.எஸ்.ஸில் பெட்டி பெட்டியேதான். எழுத்துருவையே போனுக்குள் போட வேண்டும். அதற்கு ரூட் பண்ண வேண்டும்.

"இன்னிக்கு ராத்திரி ரூட் பண்ணிடறேன்டா" என்று ஆபீஸ் நண்பனிடம் போனில் சொன்னதை மனைவி கேட்டுவிட்டாள். சென்னையில் ரூட்டு என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தம். ஷேர் ஆட்டோக்காரருக்கு அது கேம்ப் ரோடு வழி. காலேஜ் பையன்களுக்கு, ஒரு பஸ்ஸையோ மின்சார ரயிலையோ தங்கள் ராஜ்யமாக எழுதிக்கொண்டு, ஒருவனுக்கு 'ரூட்டு தல' என்று பட்டம் கட்டுவது. மூன்றாவது, ரூட்டு விடுவது. நாற்பது வயதுக் கணக்கரான நான் ஆட்டோ ஓட்டப்போவதில்லை, காலேஜும் முடிந்துவிட்டது என்று அவள் கழித்துக் கழித்து மூன்றாவதற்கு வந்து சேர்ந்தாள். விளக்கம் சொல்லி முடிக்கும்போது மணி பத்தரை.

அந்த விளக்கத்தை உங்களுக்கும் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கியவன் நான்தான். ஆனாலும் போனுக்குள்ளே நான் வாடகைக்குடி. சமைக்கலாம், துணி காயப்போடலாம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அடிக்கும் உரிமை வீட்டு ஓனருக்கு மட்டும். ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ்; அது யூனிக்ஸ் வம்சம்; அந்த வம்சத்தில் ஓனர் பெயர் 'ரூட்'. அவருக்கு வரிசை எண் பூஜ்யம். போனை ரூட் பண்ணுவது என்றால் ஓனர் அசந்த நேரத்தில் சாவிக்கொத்தை உருவி நம் இடுப்பில் செருகிக்கொள்வது. வேலை முடிந்ததா என்று பார்க்க ஒரு அடையாளம் உண்டு. கருப்புத் திரையில் கட்டளை எழுதும் இடத்தில் முதலில் ஒரு டாலர் குறி இருக்கும். சாவி கைக்கு வந்ததும் டாலர் மறைந்து ஹேஷ் குறி வரும். டாலர் போய் ஹேஷ் வருவதைப் பார்த்துச் சந்தோஷப்படும் ஒரே தொழில் இதுதான்.

இஞ்சி ரொட்டியின் பூட்டை உடைக்க 2011-இல் ஒரு செயலி வந்திருந்தது. பெயர் 'ஜிஞ்சர்பிரேக்'. இறக்கும்போதே கணினியின் ஆன்டிவைரஸ் 'திருடன், திருடன்' என்று கத்தியது. அதன் பார்வையில் அது சரிதான். பூட்டு உடைக்கும் கருவியை வேறு என்னவென்று சொல்லும்? நான் அதன் வாயைக் கட்டிவிட்டு, செயலியைப் போனில் ஏற்றி, பொத்தானை அழுத்தினேன். போன் ஒருமுறை செத்துப் பிழைத்தது. ஹேஷ் வந்தது. நான் பூஜ்யமானேன்.

அன்றிரவே சிஸ்டம் அறைக்குள் நுழைந்து, மற்ற மொழி எழுத்துகளுக்காக வைத்திருந்த எழுத்துருக் கோப்பைத் தூக்கிவிட்டு, தமிழ் உள்ள ஒன்றை அதே பெயரில் வைத்தேன். போனை அணைத்துப் போட்டேன். மாமனாரின் பழைய செய்தியைத் திறந்தேன். பெட்டிகள் போய்விட்டன. தமிழ்!

தமிழ்தான், ஆனால் பார்க்கக் கண்றாவியாக இருந்தது. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பெல்லாம் பின்னால் போய் நின்றது. கொம்பு பின்னால் போனால் அது வால். 'கொ', 'கோ' எல்லாம் இன்னும் மோசம். கொம்பும் காலும் ஒரே மூட்டையாக எழுத்தின் முதுகில் சாய்ந்து கிடந்தன. காரணம் எளிது. யூனிகோடில் 'கெ' என்பதை முதலில் 'க', அடுத்து கொம்பு என்றுதான் சேமிப்பார்கள். திரையில் வரையும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது வேறொரு மென்பொருளின் வேலை. இஞ்சி ரொட்டியில் நம் எழுத்துக்கு அந்த ஆள் கிடையாது. எழுத்து வந்தது, எழுத்திலக்கணம் வரவில்லை.

பெருமை தாங்காமல் அந்த வாரக் கடைசியில் வந்திருந்த மாமனாரிடமே காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணாங்கிளாஸ்ல இப்படிக் கொம்பைப் பின்னால போட்ட பையனை நான் நூறு தடவை எழுத வைச்சிருக்கேன்."

அங்கேயே விட்டிருக்கலாம். படிக்க முடிந்தது, மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005-லேயே செல்லினம் மூலம் கைபேசித் தமிழுக்கு வழி போட்டவர், அவரைப் போன்றவர்கள் இதையும் ஒருநாள் சரிசெய்வார்கள் என்று காத்திருந்திருக்கலாம். ஆனால் இடுப்பில் சாவிக்கொத்து இருக்கிறதே. பிரதான ஆங்கில எழுத்துருவையே மாற்றி, கொம்பு முன்னால் விழுகிற மாதிரி யாரோ தந்திரமாகச் செய்திருந்த பெரிய எழுத்துரு ஒன்றை வைத்தால் என்ன என்று தோன்றியது. பழையதை அழித்தேன். புதியதை உள்ளே இழுத்தேன். 'இடம் இல்லை' என்றது. சிஸ்டம் அறை விளிம்பு வரை நிரம்பியிருந்தது. பழைய குடித்தனக்காரரை வெளியே அனுப்பிவிட்டுப் புதியவரைக் கூப்பிட்டால், அவருடைய பீரோ வாசலில் நுழையவில்லை. எல்லாக் கோளாறுக்கும் கைகண்ட மருந்து என்று நான் நம்பிய ஒன்றைச் செய்தேன். அணைத்துப் போட்டேன்.

கம்பெனியின் லோகோ வந்தது. நின்றது. மறைந்தது. மறுபடி வந்தது. எழுதப் படிக்க எழுத்தே இல்லாத போன் என்ன செய்யும்? தன் பெயரை மட்டும் சொல்லிச் சொல்லி அழுதது.

மறுநாள் சுரங்கப்பாதை வழியாக மேற்குத் தாம்பரம் போய், சண்முகம் சாலைக்கூட்டத்தில் நீந்தி, ஒரு செல்போன் சர்வீஸ் கடைப் படியேறினேன். நெற்றியில் விளக்கு மாட்டிய இளைஞர் ஒருவர் போனைத் திருப்பிப் பார்த்தார்.

"லோகோல நிக்குது சார். சாஃப்ட்வேர் போடணும். ஐந்நூறு ஆவும். ரூட்டு கீது போட்டீங்களா?"

"இல்லையே."

ஊறுகாயைத் தொடவே இல்லை என்று டாக்டரிடம் சொல்லும் பிரஷர்காரரின் முகம் என்னுடையது. இளைஞர் அந்த முகத்தைப் பலமுறை பார்த்தவர். "சும்மா இருக்கும்போது எப்பிடி சார் லோகோல நிக்கும்?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெறும் சாஃப்ட்வேர்தானே, நானே போட்டுக்கொள்கிறேன் என்று ஐந்நூறை மிச்சம் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். அந்தப் படியை நான் ரோஷத்தோடு இறங்கியது ஒரு முறை. ஏறியது மூன்று முறை.

இனி நான் தேட வேண்டியது ஸ்டாக் ஃபர்ம்வேர். அதாவது போன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது அதன் வயிற்றில் இருந்த மென்பொருள், ஒரு பைட் கூடாமல் குறையாமல். மாமனாரிடம் இதைச் சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டார். "மூலபாடம்னு சொல்லுங்க. நீங்க போட்டதெல்லாம் இடைச்செருகல்." என்னுடைய நான்கு நாள் படிப்பு அவருக்கு இரண்டு சொல்லில் முடிந்தது.

மூலபாடம் எளிதில் கிடைப்பதா? சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சில் கொண்டுவர உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி அலைந்தது எதற்காக என்று எனக்கு அந்த வாரம்தான் விளங்கியது. என் போனின் மாடல் எண்ணில் ஏழெட்டுப் பிரதிகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் மற்றதோடு ஒத்துப்போகவில்லை. ஒன்று மூன்று துண்டாக இருந்தது. மூன்றாம் துண்டைக் காணோம். இன்னொன்றுக்குக் கடவுச்சொல் கேட்டது. கடைசியாக 200 மெகாபைட்டுக்குச் சற்று மேற்பட்ட ஒன்றை, அன்றைய பிராட்பேண்டில் இரவு முழுக்க விழித்திருந்து இறக்கினேன்.

ஏற்றும் கருவிக்குப் பெயர் எஸ்.பி. ஃப்ளாஷ் டூல். எஸ்.பி. என்றதும் நான் எழுந்து நின்றேன். ஸ்மார்ட் போன் என்பதன் சுருக்கமாம். மீடியாடெக் சிப் உள்ள போன்களுக்கு இது. போனை அணைத்துவிட்டு, டூலில் பொத்தானை அழுத்திவிட்டு, கேபிளைச் செருக வேண்டும். செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. டிரைவரை மாற்றினேன். கணினியில் விண்டோஸையே மாற்றினேன். மூன்று நாள். நாலாம் நாள் ஆபீஸ் நண்பன் வந்து கேபிளைக் கையில் எடுத்து, "எங்க வாங்கின?" என்றான். பீச்–தாம்பரம் வண்டியில், மீனம்பாக்கம் தாண்டும்போது, 30 ரூபாய்க்கு. "இதுல சார்ஜ் போற ரெண்டு கம்பிதான்டா இருக்கு. டேட்டா போற ரெண்டு கம்பி இல்ல." நான்கு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வைத்து விற்றவரை நான் குறை சொல்ல மாட்டேன். சார்ஜர் ஒயர் என்றுதான் அவர் கூவினார்.

நல்ல கேபிள் வந்தது. செருகினேன். கணினி டிங்கென்றது. முதலில் சிவப்புப் பட்டை ஓடியது. பிறகு மஞ்சள் பட்டை. மஞ்சள் ஓடி முடிந்தால் பச்சை வளையம் வரும். பச்சை வந்தால் ஜெயம். மஞ்சள் பாதி தூரம் வந்தபோது கரண்ட் போயிற்று.

2012-ஐ மறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாடே இருட்டில் கிடந்த வருடம் அது. சென்னைக்குத் தினம் 2 மணி நேர மின்வெட்டு என்று அறிவிப்பு. வெளிமாவட்டத்துக்காரர்கள் 'வெறும் ரெண்டு மணி நேரமா?' என்று நம்மைப் பொறாமையாகப் பார்த்தார்கள். அறிவித்த நேரத்தைக் கணக்குப் போட்டுத்தான் நான் ராத்திரி உட்கார்ந்தேன். இது அறிவிக்காதது. என் கணினிக்கு யு.பி.எஸ். கிடையாது; ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பவன் வீட்டில் யு.பி.எஸ். இருக்காது.

கரண்ட் வந்தபோது போனில் லோகோ கூட இல்லை. அழுகையும் நின்றுவிட்டது. இதைத்தான் தொழிலில் 'பிரிக்' என்பார்கள். செங்கல். கேபிளில் செருகினால் கணினி மட்டும் விநாடிக்கொரு தரம் 'டிங்... டொங்... டிங்... டொங்' என்றது. போன் வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது. நடு ராத்திரியில் அந்தச் சத்தம் கேட்டு மனைவி எழுந்து வந்து, "வாசல்ல யாரோ பெல் அடிக்கிறாங்க" என்றாள்.

ஆனால் அந்தச் சத்தம்தான் நல்ல செய்தி. மீடியாடெக் சிப்புக்குள்ளேயே அழிக்க முடியாதபடி ஒரு குட்டி நிரல் பொறித்திருக்கிறார்கள். மேலே இருப்பதை எவ்வளவு நாசம் செய்தாலும் அது மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். டிங் டொங் என்று கேட்கிறவரை பிணம் இல்லை, மயக்கம்தான். மறுபடி ஏற்றினேன். சிவப்பு, மஞ்சள், பச்சை! போன் எழுந்தது. லோகோ கடந்து உள்ளே போனது. நான் இடப்பக்கம் தொட்டால் வலப்பக்கம் திறந்தது.

ஆமாம், கண்ணாடி பிம்பம் மாதிரி. மனைவியைக் கூப்பிடலாம் என்று தொட்டால் மேலாளருக்குப் போனது. ஒரே மாடல் எண், ஒரே டப்பா. உள்ளே மட்டும் தயாரிப்புத் தொகுதிக்குத் தகுந்தபடி தொடுதிரையை வேறு வேறு இடத்தில் வாங்கிப் போடுவார்கள். மென்பொருளும் அதற்கேற்ப மாறும். மாமனாரிடம் சொன்னேன். "பாடபேதம்" என்றார்.

இன்னொரு பிரதியை இறக்கினேன். இந்த முறை எந்தப் பழைய அழுக்கும் இருக்கக் கூடாது என்று, டூலில் இருந்த மூன்று வழிகளில் 'எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏற்று' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். போகிப் பண்டிகை மனப்பான்மை. சிவப்பு, மஞ்சள், பச்சை. தொட்ட இடம் திறந்தது. ஆனந்தம். சிம்மைப் போட்டேன். சிக்னல் இல்லை.

'எல்லாவற்றையும்' என்றால் எல்லாவற்றையும். ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்று 15 இலக்க எண் உண்டு. அதுதான் அதன் பிறப்புச் சான்றிதழ். அது தனியாக ஓர் அறையில் இருக்கும். எந்த ஸ்டாக் ஃபர்ம்வேரிலும் இருக்காது, ஏனென்றால் ஒவ்வொரு போனுக்கும் எண் வேறு. நான் போகி கொளுத்தியதில் பழம்பாயோடு வீட்டுப் பத்திரமும் போய்விட்டது. சரியான எண் இல்லாத போன்களுக்கு இணைப்புத் தரக் கூடாது என்று 2009 முடிவிலிருந்தே இந்தியாவில் உத்தரவு. என் போனுக்கு உயிர் வந்துவிட்டது. ரேஷன் கார்டு இல்லை.

சண்முகம் சாலைப் படியை மறுபடி ஏறினேன். நெற்றி விளக்கு இளைஞர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

"ஃபார்மேட் ஆல் கொடுத்தீங்களா சார்?"

"ஆமா."

"ரூட்டு போட்டீங்களா?"

"போட்டேன்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல சார். ஐந்நூறோட போயிருக்கும். இப்ப எழுநூறு."

பேட்டரியைக் கழற்றி, அடியில் ஒட்டியிருந்த சீட்டை விளக்கில் காட்டினார். "பில்லும் டப்பாவும் எடுத்துட்டு வாங்க. சீட்டுல இருக்கற நம்பர்தான் போடுவேன். வேற நம்பர் கேட்டீங்கன்னா போன கையில குடுத்துடுவேன்." டப்பா எடுக்க நான் சேலையூர் போய்த் திரும்பினேன், அதுதான் மூன்றாவது தரம் படி ஏறியது. மூன்று எண்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். அன்று அது எனக்கு அதிகப்படியாகத் தெரிந்தது. எண்ணை மாற்றினால் 3 ஆண்டு வரை சிறை என்று 2017-இல் விதி வந்தபோதுதான், அந்தப் பையன் சட்டம் வருவதற்கு ஐந்து வருடம் முன்னாலேயே நேர்மையாக இருந்தான் என்பது உறைத்தது.

இருபது நிமிடத்தில் சிக்னல் வந்தது. வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே போன் கைக்கு வந்தது. வெளியே வந்து படியில் நிற்கும்போதே டிங் என்றது. மாமனார். திறந்தேன்.

பெட்டி. பெட்டி. பெட்டி.

மூன்று வாரம், 700 ரூபாய், கேபிள் செலவு தனி. போன் எழுந்ததைச் சொல்ல அன்று மாலை அவரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். 'ரூட் என்றால் என்ன' என்று கேட்டார். வேர் என்றேன்.

"வேரைப் புடிச்சு ஆட்டினா மரம் நிக்குமா மாப்பிள்ளை?" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா ஒண்ணு. ஏட்டைத் திருத்தறவன் முதல்ல அந்த ஏட்டை அப்படியே ஒரு பிரதி பண்ணி வைச்சுக்குவான். அதுக்கப்புறம்தான் எழுத்தாணியத் தொடுவான். நீங்க ஏன் பிரதி பண்ணல?"

கணினிப் படிப்பில் இதற்கு 'பேக்கப்' என்று பெயர். பேக்கப் எடுக்கச் சொல்லி டூல் சொன்னது, நண்பன் சொன்னான், படித்த குறிப்பெல்லாம் முதல் வரியில் சொன்னது. கணினியே தொடாத விருத்தாசலத்துத் தமிழாசிரியர் சொன்னபோதுதான் காதில் ஏறியது.

அடுத்தடுத்த ஆண்ட்ராய்ட் பதிப்புகளில் தமிழ் உள்ளேயே வந்துவிட்டது. கொம்பும் இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. நான் வேறு போன் வாங்கினேன். இஞ்சி ரொட்டிப் போன் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில், பழைய டார்ச் லைட்டுக்கும் புறாக்கூண்டுக்கும் நடுவே விரித்த சாக்கில் போய் உட்கார்ந்தது. பேசி முடித்தது 150 ரூபாய். வாங்கியவர் கேட்டார்: "ரூட்டு கீது போட்டதா சார்?" இந்த முறை உண்மையைச் சொன்னேன். ஐம்பது குறைத்து 100 கொடுத்தார்.

கதை அங்கே முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். 2024-இல் ஒருநாள் விடியற்காலை திருச்சியிலிருந்து என் அக்கா பையன் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கி என்னைக் கூப்பிட்டான். "மாமா, ஆட்டோக்குக் காசு இல்ல. கொஞ்சம் வரீங்களா?" பர்ஸ் இல்லாத தலைமுறை, எல்லாம் யு.பி.ஐ.யில். இரவு பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போனை ரூட் பண்ணியிருக்கிறான். வங்கிச் செயலி 'இந்தக் கருவி பாதுகாப்பானது அல்ல' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. அதன் கோபம் நியாயம்தான். ஓனர் சாவி யாரோ ஒருவர் இடுப்பில் தொங்கும் வீட்டில் நகைப்பெட்டியை வைக்க யார் சம்மதிப்பார்?

அவனை வண்டியில் பின்னால் உட்காரவைத்து வண்டலூர் தாண்டி வரும்போது கேட்டேன். "பேக்கப் எடுத்தியாடா?"

"எடுத்தேன் மாமா. ஸ்டாக் ஃபர்ம்வேரும் முன்னாலயே இறக்கி வெச்சிருக்கேன். சாயந்தரம் திரும்பப் போட்டுட்டு, பூட்லோடர்ங்கற வாசக்கதவையும் பூட்டிடுவேன். பூட்டினா உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும், அதான் போட்டோவைக்கூடத் தனியா எடுத்து வெச்சிட்டேன்."

எங்கள் வம்சத்திலும் புத்திசாலி பிறந்துவிட்டான். கரண்டும் போகவில்லை; லேப்டாப்பில் பேட்டரி இருந்தது. சாயந்தரம் முக்கால் மணி நேரத்தில் முடித்து, தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் தன் போனிலேயே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

ஆகையால் ரூட் பண்ணாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னாலும் கேட்கும் வயதில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டார்கள். ஒன்றே ஒன்று செய்யுங்கள். இப்போதெல்லாம் பேட்டரியைக் கழற்றி அடியில் சீட்டுப் பார்க்க வழியில்லை. போனில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு வரும். அதை அந்தப் போனிலேயே சேமிக்காமல், வீட்டு நாள்காட்டி அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால், 2023-இல் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கச் சொல்லி மனு செய்யும்போதும் அதே எண்ணைத்தான் கேட்பார்கள்.